கோபம் என்று நினைத்தோம்

ஞாயிறன்று குடும்பத்தோடு, இருபது பேர், திருவள்ளூர் ஓட்டலுக்கு டிபன் சாப்பிடப் போனோம். மாமியார் வீட்டிலேயே இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு வந்திருந்தார். காக்களூரில் நைட் ஷிப்ட் முடித்து வரவேண்டிய கொழுந்தனாருக்கு ஓவர்டைம். எல்லோரும் சேராமல் சாப்பிடுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. வழக்கமாம் வழக்கம்! வெயில் ஏறும்வரை காத்திருந்தோம்.

மாமியாரிடம் பேச்சே இல்லை. கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“உடு, அம்மா கோச்சிக்கினு கீது. நாஷ்டா வந்தா சரியாய்டும்” என்றார் கணவர்.

சற்று நேரத்தில் மாமியார் மேசைமீது சாய்ந்தார். தொட்டால் உடம்பெல்லாம் வியர்வை. சர்க்கரை இறங்கிவிட்டதாம். ஐ.சி.யூ.வில்தான் கண் திறந்தார்.

இப்போது இட்லி மேசைக்கு வந்த பிறகே ஊசி. மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், சமாதானத்துக்கு முன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன்.