பதினோராம் பக்கத்தில் ஒரு ‘அல்லது’

நகராட்சி அலுவலகத்துக்கு எதிர்வாடையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவளை எல்லாரும் டெண்டர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுடைய சொந்தப் பேர் பக்கத்துக் கடைக்காரருக்கே தெரியாது. எட்டடிக்குப் பத்தடி அறை. ஒரு கம்ப்யூட்டர், இரண்டு பிரிண்டர். அதில் ஒன்று எந்நேரமும் பேப்பரைக் கடித்துக்கொண்டு நிற்கும். சுவரோரம் வரிசையாக ஃபைல்கள். ஒப்பந்தக்காரர்களுக்கு டெண்டர் படிவம் நிரப்பிக் கொடுப்பது, இணைக்க வேண்டிய சான்றிதழ்களை அடுக்கிக் கொடுப்பது, கடைசி நேரத்தில் ஓடி வருகிறவனைத் திட்டிக்கொண்டே கம்ப்யூட்டரில் ஏற்றி விடுவது, இதுதான் அவள் பிழைப்பு.

ஊர் முழுக்கக் காலையில் ராசிபலன் பார்த்தால் அவள் அரசாணை பார்ப்பாள். தலைநகரத்தில் ஒரு மந்திரி எதையோ அறிவித்தால், அது எத்தனை மாதத்தில் எந்த வழியாக இந்த நகராட்சியின் தீர்மானப் புத்தகத்துக்கு வந்து சேரும், அதில் யாருக்கு என்ன வேலை இருக்கும் என்று விரல்விட்டுச் சொல்லிவிடுவாள். “அரசாங்கம் தும்மினா யாரு கைக்குட்டை விக்கலாம்னு அக்காவைக் கேளு” என்று ஒப்பந்தக்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அவளுக்கும் அதில் உள்ளூர ஒரு பெருமை உண்டு.

அவளுக்கு ஒரே தம்பி. அம்மா சாகும்போது அவனுக்கு ஒன்பது வயது, இவளுக்குப் பத்தொன்பது. படிப்பு ஏறவில்லை, கொத்து வேலைக்குப் போனான். கை சுத்தமான வேலைக்காரன். ரசமட்டத்தை வைத்துப் பார்க்காமல் ஒரு செங்கல்லைக்கூட விட மாட்டான். சித்தாள்கள் அவனுக்கு வைத்த பேரே ரசமட்டம்தான். “டேய், ரசமட்டம் வருது, கலவையில தண்ணியக் குறைங்கடா” என்பார்கள்.

அந்த வருஷம் ஓர் அரசாணை வந்தது. எல்லா அரசுப் பள்ளிகளிலும் சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சாய்தளம் கட்ட வேண்டும், இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி வேண்டும், ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் சரிவு இருக்க வேண்டும். அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். சாயங்காலம் கடையைப் பாதி சாத்திவிட்டு நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள்.

“இருபது பள்ளிக்கூடம்டா. ஒவ்வொண்ணும் சின்ன வேலை. பெரிய ஆளுங்க திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. உனக்குன்னே அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி இருக்கு.”

“நான் கொத்தன்க்கா. கான்ட்ராக்டர் ஆகறதுக்கு மூஞ்சி வேற வேணும்.”

“மூஞ்சியெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்க. பேப்பரைத்தான் பாப்பாங்க. பேப்பரை நான் பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொண்டாள். மூன்று மாதம் நாயாய் அலைந்து அவன் பேரைக் கடைசி வகுப்பு ஒப்பந்ததாரராகப் பதிவு செய்தாள். நகராட்சி முதலில் இரண்டு பள்ளிகளுக்கு மட்டும் தனித்தனியாக டெண்டர் விட்டது. இரண்டும் அவனுக்கே கிடைத்தன.

அவன் கட்டிய சாய்தளத்தை அவள் போய்ப் பார்த்தாள். அந்தப் பள்ளியின் கணக்கு டீச்சர் சக்கர நாற்காலியில் இருப்பவர்; அதுவரை தினமும் இரண்டு பேர் தூக்கித்தான் அவரை உள்ளே விடுவார்கள். அன்று அவர் யாரையும் தொட விடவில்லை. சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு மேலே ஏறினார், திரும்பி இறங்கினார், மறுபடி ஏறினார். “போதும் டீச்சர், பெல் அடிச்சாச்சு” என்று யாரோ சொன்னார்கள். “இருங்க, இன்னும் ஒரே தடவை” என்றார் அவர். தம்பி ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு கைப்பிடிக் கம்பியில் ஒட்டியிருந்த சிமெண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். அவன் சந்தோஷத்தை இப்படித்தான் காட்டுவான் என்று அக்காவுக்குத் தெரியும்.

மிச்சம் பதினெட்டுப் பள்ளிகள். அங்கேதான் வினை வந்தது.

நகராட்சியில் டைப்பிஸ்ட் வேலை காலியாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவசரமென்றால் குமாஸ்தா கையால் எழுதியதை அக்கா கடைக்குக் கொண்டு வந்துவிடுவார். அப்படி ஒரு மத்தியானம் ஒரு கட்டைக் கொண்டு வந்து வைத்தார். “நாளைக்குக் காலையில வேணும்மா. வெளியில மூச்சு விடாதீங்க.”

அவர் போன பிறகு அவள் படித்தாள். மன்றம் தீர்மானம் போட்டிருந்தது: பணியை விரைந்து முடிக்கும் பொருட்டு பதினெட்டுப் பள்ளிகளின் சாய்தளங்களும் ஒரே டெண்டராக விடப்படும். நாலாம் பக்கத்தில் ஒரு நிபந்தனை: ஒப்பந்ததாரரிடம் சொந்தமாகக் கான்கிரீட் கலவை ஆலை இருக்க வேண்டும்.

அந்தச் சுற்றுவட்டாரத்தில் கலவை ஆலை வைத்திருந்தவர் ஒரே ஒருவர். பிளாண்ட்காரர் என்றால் எல்லாருக்கும் தெரியும். மன்றக் கூட்டம் நடக்கிற நாளில் அவருடைய கார் நகராட்சி வாசலில் நிற்கும். சாய்தளம் கட்ட கலவை ஆலை எதற்கு? வீட்டு வாசல்படிக்கு மலையை உடைக்கிற மாதிரிதான். நாலு சித்தாள் கையால் கலந்து போடுகிற வேலை அது.

அவள் பேசாமல் டைப் அடித்தாள். பதினோராம் பக்கத்தில், இணைக்க வேண்டிய ஆவணங்களின் பட்டியலில் கை நின்றது. ‘சொந்த ஆலைக்கான சான்று அல்லது வாடகை ஒப்பந்தம்’ என்று எழுதியிருந்தது. குமாஸ்தா ஏதோ பழைய டெண்டரைப் பார்த்து எழுதியவர், அந்த வரியை அடிக்க மறந்துவிட்டார். வேறு நாளாக இருந்தால் உடனே போன் போட்டு, “சார், நாலாம் பக்கமும் பதினோராம் பக்கமும் இடிக்குது” என்று சொல்லியிருப்பாள். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறாள்.

அன்றைக்குச் சொல்லவில்லை. இருந்ததை இருந்தபடி அடித்துக் கொடுத்தாள்.

பக்கத்து மாவட்டத்தில் ஓர் ஆலையிடம் தம்பி பேரில் வாடகை ஒப்பந்தம் எழுதி வாங்கினாள். அவன் பதிவு வகுப்புக்கு விதித்திருந்த உச்சவரம்புக்குள் அந்தத் தொகை மயிரிழையில் அடங்கியது. டெண்டரைத் திறந்தபோது தம்பியின் தொகைதான் குறைவு. பிளாண்ட்காரர் இரண்டாவது. தம்பி பொண்டாட்டி ஓடி வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடையும் என்பார்கள். எட்டாம் நாள், ‘நிர்வாகக் காரணங்களால்’ டெண்டர் ரத்து. மறு டெண்டர் வந்தது. அதில் பதினோராம் பக்கம் துடைத்துச் சுத்தமாக இருந்தது. எழுத்துரு வேறு, வேறு யாரோ அடித்திருந்தார்கள்.

குமாஸ்தா கடைசியாக ஒரு தடவை வந்தார். உட்காரவில்லை.

“பன்னெண்டு வருஷத்துல ஒரு பிழை விட்டதில்ல நீங்க. இப்ப மட்டும் எப்படிம்மா கண்ணுல படாம போச்சு?”

“உங்க கையெழுத்துல இருந்ததைத்தான் சார் அடிச்சேன்.”

“அதான்மா. அதைத்தான் கேக்கறேன்.”

அதன் பிறகு நகராட்சிக் காகிதம் ஒன்றுகூட அந்தக் கடைக்கு வரவில்லை.

வேலை பிளாண்ட்காரருக்குப் போனது. அவர் ஒரு சட்டி மண்கூட அள்ளவில்லை. ஒரு நாள் தம்பியைக் கூப்பிட்டு அனுப்பினார். சாய்தளம் கட்டிய அனுபவம் உள்ள ஆள் இந்த ஊரில் அவன் ஒருவன்தானே. பதினெட்டையும் நீயே கட்டு, பேர் என்னுடையது, ரேட் நான் சொல்வது என்றார். தம்பி சரி என்றுவிட்டான். அக்காவிடம் கேட்கவில்லை.

அவளுக்கு விஷயம் சித்தாள்கள் மூலமாகத்தான் தெரிந்தது. ஐந்தாவது பள்ளியில் வேலை நடக்கும்போது போனாள். சரிவில் ஏறிப் பார்த்தாள். பத்து எட்டு வைப்பதற்குள் முழங்கால் வலித்தது.

“என்னடா இது? ஒண்ணுக்குப் பன்னெண்டு எங்கே?”

“ஒண்ணுக்கு ஆறு.” அவன் அவளைப் பார்க்கவில்லை. “அவர் குடுக்கற சிமெண்டுக்கு அவ்வளவுதான் வரும். இன்ஜினீயர் வந்து பாத்துட்டுப் போயிட்டார். கையெழுத்தும் ஆயாச்சு.”

“ரசமட்டம் எங்கடா?”

“வீட்டுல இருக்கு.”

“இதுல எப்படிடா ஒரு பிள்ளை தானா ஏறும்?”

அவன் கரண்டியைக் கீழே போட்டான். “நீதானேக்கா சொன்னே, அரசாங்கம் ஒண்ணு போட்டா அதுல நமக்கும் ஒரு வாய் இருக்குன்னு? இதான் அந்த வாய். மென்னு முழுங்கிட்டு இருக்கேன். நீ வந்து உப்பு பத்தலங்கறே.”

சித்தாள்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவள் செருப்பிலிருந்த கலவையைத் தட்டிவிட்டு வந்துவிட்டாள். அதற்கப்புறம் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து குறைந்து போயிற்று.

பள்ளிகள் திறந்து ஆறாவது வாரம் ஒரு தாய் கடைக்கு வந்தாள். கையில் ஒரு எக்ஸ்ரே உறை. ஆறாம் வகுப்பு படிக்கிற அவள் மகள் சாய்தளத்தில் பாதி ஏறும்போது கை சோர்ந்து, நாற்காலி பின்னால் உருண்டு, கம்பியில் மோதியிருந்தது. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிவு. மனு எழுத வேண்டும். யார் யாருக்கு அனுப்ப வேண்டும் என்றுகூட அந்தத் தாய்க்குத் தெரியவில்லை.

அக்கா எழுதினாள். அரசாணை எண், தேதி, சரிவு இருக்க வேண்டிய அளவு, இருக்கிற அளவு. எழுதிக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

அவளுக்கு அந்த டெண்டர் மனப்பாடம். வேலையை வேறு யாருக்கும் உள் ஒப்பந்தம் விடக்கூடாது, விட்டால் ஒப்பந்தமே ரத்து என்று இருபத்து மூன்றாவது விதி சொல்கிறது. சரிவு அதிகம் என்று மட்டும் எழுதினால் பிளாண்ட்காரர் நாலு மூட்டை சிமெண்டைப் பூசிவிட்டுத் தப்பித்துக்கொள்வார். வேறொருவன் கட்டினான் என்று பேரோடு எழுதினால்தான் அவர் கழுத்தைப் பிடிக்க முடியும். தம்பி சாட்சிதானே, அவனுக்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்தாள். கூலிக்குக் கட்டினேன் என்று உண்மையைச் சொல்லிவிட்டுப் போகிறான். அவனிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் வேண்டாம் என்பான். அதனால் சொல்லாமலே அவன் பேரை எழுதினாள்.

விசாரணை வந்தது. பிளாண்ட்காரர் கூசாமல் ஒரு கடிதத்தைக் கொடுத்தார்: ஆள் பலம் மட்டுமே அவனிடம் பெற்றேன், அது உள் ஒப்பந்தம் ஆகாது, வரைபடத்தையும் தரமான பொருளையும் நானே கொடுத்தேன், அவன் என்னை ஏமாற்றிவிட்டான். இன்ஜினீயரும் அதையே சொன்னார். தம்பி பக்கம் காட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்லை. எல்லாம் வாய்ப்பேச்சாக நடந்தது. அவன் பேரை எழுத்தில் சொன்ன ஒரே காகிதம் அக்கா அடித்த மனுதான்.

பெரிய மீன் வலையைக் கிழித்துக்கொண்டு போயிற்று. கெண்டைக் குஞ்சு மாட்டியது. தம்பியின் பதிவு ரத்து. பத்து வருஷத்துக்குக் கருப்புப் பட்டியல்.

அவன் கடைக்கு வந்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. மனுவின் நகலை மேஜையில் விரித்து வைத்தான்.

“நீ அடிச்சதுன்னு பாத்ததுமே தெரிஞ்சுதுக்கா. ஒரு எழுத்துப் பிழை இல்ல.”

“அவனைப் பிடிக்கத்தான்டா எழுதினேன். உன்னை சாட்சியா…”

“சாட்சியா.” அவன் அந்தச் சொல்லை வாயில் வைத்துப் பார்த்தான். “எனக்குத் தப்பில்லைன்னு நான் சொல்லலக்கா. அந்தப் பொண்ணு விழுந்தது என் கையாலதான். தூக்கம் வரல. ஆனா நீ என்னைக் கேட்டிருக்கலாம். நீதான் வழி காட்டினே, நீதான் பேப்பர் போட்டே, இப்ப நீயே போட்டுக் குடுத்துட்டே. நடுவுல ஒரு தடவையாவது என்னை ஒரு மனுஷன்னு நினைச்சுக் கேட்டியா?”

நகலை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். அடுத்த மாதம் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போனான். அங்கே தினக்கூலிக்குக் கொத்து வேலை செய்கிறான் என்று தம்பி பொண்டாட்டி யாரிடமோ சொல்லி அனுப்பியிருந்தாள். போன் போட்டால் எடுப்பதில்லை.

மன்றம் மறுபடி கூடியது. பத்திரிகையில் சிறுமியின் படம் வந்துவிட்டதால் மேலிடத்தில் கோபமாக இருந்தார்கள். பதினெட்டுச் சாய்தளங்களையும் இடித்துவிட்டு விதிப்படி புதிதாகக் கட்டுவது, குழந்தைகளின் பாதுகாப்பு கருதி அவசரப் பணி என்பதால் டெண்டர் இல்லாமல் நேரடியாக ஒப்படைப்பது என்று ஒருமனதாகத் தீர்மானம். ஒப்படைத்தது பிளாண்ட்காரரிடம். ஆலை அவரிடம்தானே இருக்கிறது. இடிக்கிற செலவும் சேர்ந்ததால் இந்தத் தடவை தொகை கூடுதல்.

அந்தத் தீர்மானத்தை அக்கா அலுவலக அறிவிப்புப் பலகையில் நின்று படித்தாள். பின்னால் நின்ற ஒப்பந்தக்காரர் ஒருவர், “பாத்தீங்களா அக்கா, ஒரே வேலையை ரெண்டு தடவை தின்னுட்டான்” என்றார், பொறாமையும் மரியாதையும் கலந்த குரலில்.

வேலை முடிந்த வாரம் அந்தத் தாய் கடைக்கு வந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

“உங்க மனுவாலதான் அக்கா இடிச்சுக் கட்டினாங்க. இப்ப சரிவு நல்லா படுத்த மாதிரி இருக்கு. நீங்க நல்லா இருக்கணும்.”

அக்கா தலையை ஆட்டினாள். பிரிண்டரில் சிக்கிய பேப்பரை உருவிக்கொண்டே கேட்டாள்: “பொண்ணுக்குக் கை எப்படிம்மா இருக்கு?”

“எழுதறாக்கா. எழுதறதுக்குக் குறை இல்ல. சக்கரத்தைப் பிடிச்சு உருட்டத்தான் முடியல. நான்தான் தள்ளிட்டுப் போய் விடறேன்.”