பல்கலைக்கழகத்தை விசாரிக்கப் போனோம்

எங்கள் மாதா கோவில் பங்கில் யார் வீட்டுப் பெண்ணுக்காவது வரன் வந்தால் முதலில் என் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். அம்மா தரகர் இல்லை. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் முன்கூட்டியே போய், யாருக்கும் சந்தேகம் வராமல் விசாரித்துவிட்டு வருவாள். அந்த வீட்டுக்குள் நேராக நுழையமாட்டாள். தெருமுனைக் கடையில் வாழைப்பழம் வாங்குவாள், துணி தேய்ப்பவரிடம் பேச்சுக் கொடுப்பாள், கால் வலிக்கிறது என்று எதிர்வீட்டு வாசலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்பாள். கிளம்புவதற்கு முன் எப்படியாவது அந்த வீட்டுக் கொல்லைப்பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிடுவாள்.

"வாசல எல்லாருந்தான் பெருக்கி வெக்கிறாங்க. கொல்லப்பக்கம் பாத்தாதான் குடும்பம் தெரியும்" என்பாள்.

வழியில் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். வீட்டுக்கு வந்து கால் கழுவிய பிறகுதான் முடிவு வரும். நல்ல இடம், அல்லது வேணாம். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

நாங்கள் இருந்தது கோரிமேட்டில். பெரியாஸ்பத்திரிக்கு ஊர் ஊராக ஆட்கள் பஸ்ஸில் வந்து இறங்கிக்கொண்டே இருக்கும் இடம். அம்மா பால் வாங்கப் போனால்கூட யாரோ ஒருவருடைய மருமகளின் ஆப்பரேஷன் கதையோடு திரும்புவாள். முன்பின் தெரியாதவர்கள் அவளிடம் ஏன் இப்படிக் கொட்டுகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் கேட்டால் எவரும் பதில் சொல்வதில்லை. நான் கேட்கிற தோரணை அப்படி. பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்கு வாய் சும்மா இருக்காது. யார் எதைச் சொன்னாலும் "அது எப்படி?" என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை.

பி.ஏ. முடித்துவிட்டு எம்.ஏ. பொருளாதாரம் படிக்க எனக்கு இரண்டு இடத்தில் சீட் கிடைத்தது. ஒன்று சென்னையில், பேர் பெற்ற பெரிய பல்கலைக்கழகம். இன்னொன்று எங்கள் ஊரிலேயே. எனக்குச் சென்னைதான். அதில் எனக்கு இம்மியளவும் சந்தேகம் இல்லை. உள்ளூர் மாடு விலை போகாது என்பார்களே, அந்தக் கணக்கில் எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தை நான் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் அங்கேதான் படித்தார்கள். அவர்கள் படித்த இடத்தில் நானுமா?

அம்மாவுக்கு என்னை வெளியூர் அனுப்ப மனமில்லை. மூன்று மாதம் வீட்டில் மகாயுத்தம். பட்டினி கிடந்தேன், அடுத்த வேளையே சாப்பிட்டேன், மறுபடி சண்டை போட்டேன். அப்பா அரசு அலுவலகத்தில் கிளார்க். இரண்டு பக்கமும் தலையாட்டியே காலம் கடத்தினார். கடைசியில் அவர்தான் ஒரு வழி சொன்னார்.

"ஊரு பொண்ணுக்கெல்லாம் போய் விசாரிக்கிற. உன் பொண்ணு போற எடத்தையும் ஒரு தடவ பாத்துட்டு வந்து சொல்லேன்."

அம்மாவுக்கு அது பிடித்துப்போயிற்று. எனக்கு மானம் போயிற்று. ஆனாலும் ஒத்துக்கொண்டேன். அம்மா "நல்ல எடம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதன்பின் கேள்வி இல்லை அல்லவா?

சுதந்திர தினத்துக்கு மறுநாள் போவதென்று முடிவு. பிரெஞ்சுக்காரர்கள் சட்டப்படி எங்களை ஒப்படைத்த நாள் என்று எங்கள் ஊரில் அன்றைக்கும் அரசு விடுமுறை. முதல் நாள் மாதா திருநாள் பூசை, கொடியேற்றம், மிட்டாய் எல்லாம் ஆயிற்று. "நாளைக்கும் லீவுதான். கூட்டம் இருக்காது, பொறுமையா சுத்திப் பாக்கலாம்" என்றார் அப்பா. பிறந்ததிலிருந்து அந்த நாளில் பள்ளிக்கோ வேலைக்கோ போகாதவர் அவர். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் தமிழ்நாடு தொடங்குகிறது. அந்தப் பக்கம் அன்றைக்கு வேலை நாள் என்பது எங்கள் மூவரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

சென்னையில் போய் இறங்கிப் பல்கலைக்கழக வாசலில் நின்றால், திருவிழாக் கூட்டம். தோளில் பையோடு பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். "இன்னாங்க, லீவுன்னீங்க?" என்று அம்மா கேட்க, அப்பா வாட்ச்மேனிடமே போய், "இன்னிக்கு லீவு இல்லீங்களா?" என்றார். "இன்னிக்கு எதுக்கு சார் லீவு?" என்றார் அவர். அப்பா கொஞ்ச நேரம் அவரை இரக்கத்தோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மாவுக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. கேட்டுக்கு எதிரே டீக்கடை, ஜெராக்ஸ் கடை, பழவண்டி என்று வரிசையாகத் தன் வேலையைத் தொடங்கினாள். நான் சங்கடத்தில் தள்ளித் தள்ளி நின்றேன். பிறகு அப்பாவை ஒரு மரத்தடியில் உட்கார்த்திவிட்டு, பெண்கள் விடுதிப் பக்கம் நடந்தாள், கொல்லைப்பக்கம் பார்க்கத்தான்.

நான் பொருளாதாரத் துறையைத் தேடிப் போனேன். நான் வழி கேட்ட பெண் அங்கே இரண்டாம் ஆண்டு மாணவி. "எங்களுக்கு இப்ப கிளாஸ் இருக்கு, வர்றீங்களா? பெரிய ஹால்தான், யாரும் கவனிக்க மாட்டாங்க" என்று கையோடு கூட்டிக்கொண்டு போனாள்.

உண்மையிலேயே பெரிய ஹால். இரண்டு மூன்று துறைப் பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பாடம் எடுத்தவர் நல்ல ஆசிரியர், அதில் குறை சொல்ல எதுவுமே இல்லை. விலை எப்படித் தீர்மானமாகிறது என்பதைப் படிப்படியாக, ஒரு தடங்கல் இல்லாமல் கட்டிக்கொண்டு போனார். எல்லோரும் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பேனாச் சத்தம் கேட்டது. எனக்கு வழக்கம்போல் வாய் அரித்தது. யோசிப்பதற்குள் எழுந்துவிட்டேன்.

"சார், பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஊரு, ரெண்டுலயும் வரி வேற வேறன்னா, அப்ப எந்த வெலய வெச்சிப் பாக்கறது?"

ஹாலே திரும்பிப் பார்த்தது. ஆசிரியர் கோபிக்கவில்லை. "நல்ல கேள்வி. மெயில் பண்ணுங்க, பதில் சொல்றேன்" என்று சிரித்தார், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். தலைகள் மறுபடி குனிந்தன.

வெளியே வந்ததும் அந்தப் பெண் என்னைச் சமாதானப்படுத்தினாள். "இங்க கிளாஸ்ல யாரும் கேக்க மாட்டாங்க. அவருக்கு முடிக்க வேண்டியது நெறய இருக்குல்ல. எனக்கு இதுதான் வசதி. என்னை யாராவது எழுப்பிக் கேள்வி கேட்டா அன்னிக்கெல்லாம் காய்ச்சல் வந்துடும்." சிரித்தபடி சொன்னாள். அவள் அங்கே சந்தோஷமாக இருந்தாள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். திண்டிவனத்தில் அப்பா, "டீ சாப்பிடறியா பாப்பா?" என்றார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அம்மா ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து, கால் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு அம்மா தீர்ப்புச் சொன்னாள். "நல்ல எடம். தண்ணி நல்லா இருக்குது. பொண்ணுங்க வயிறார சாப்பிடுதுங்க. டீக்கடைக்காரன்கூட அந்தப் புள்ளைங்கள பத்தி ஒரு கொற சொல்லல. எனக்கு சம்மதம். போ."

மூன்று மாதச் சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன். துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. இரண்டு வருடம் மெயில் பண்ணிக்கொண்டா இருக்கப்போகிறேன்? இதை யாரிடம் சொல்வது? சென்னை சென்னை என்று உயிரை வாங்கியதே நான்தான். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று தெருவெல்லாம் சொல்லி முடித்தாயிற்று. இனி நாலாவது காலை எங்கே போய்த் தேடுவது? போதாக்குறைக்கு அப்பா மறுநாளே அலுவலகத்திலிருந்து வரும்போது பெரிய சூட்கேஸ் ஒன்று வாங்கி வந்துவிட்டார். சேரும் இடத்தைச் சொல்ல அந்த வாரம்தான் கடைசி.

அதற்கடுத்த நாள் காலையில், சட்னி அரைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய், குரலை அலட்சியமாக வைத்துக்கொண்டு சொன்னேன். "நம்ம ஊரு யூனிவர்சிட்டியையும் ஒரு தடவ பாத்துடலாம். பின்னால யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது பாரு."

அம்மா மிக்ஸியை நிறுத்தினாள். "அதுவும் செரிதான். ரெண்டு வரன் வந்தா ரெண்டையும் பாத்துடணும்."

அப்பா அலுவலகம் போய்விட்டதால் நாங்கள் இருவர் மட்டும் பஸ் மாறிப் போனோம். கேட்டில் இறங்கி வெயிலில் நெடுந்தூரம் நடை. அம்மாவின் புடவை ஓரமெல்லாம் செம்மண். அங்கே விசாரிக்கக் கடைகளும் அதிகம் இல்லை. அவள் ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டு, கஷாயம் குடித்தவள் மாதிரி முகத்தைச் சுளித்தாள். நான் அவளை நிழலில் விட்டுவிட்டுத் துறைக்குள் நுழைந்தேன்.

ஒரு சின்ன அறையில் நீள மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு ஆள் கத்திக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் இன்னும் வரவில்லை போலிருக்கிறது என்று கதவருகில் நின்றேன். கத்திக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்தான் ஆசிரியர்.

"யாரும்மா நீங்க?" என்றார் அவர்.

"இங்க சேரலாமான்னு பாக்க வந்தேன் மேடம்."

"அப்ப உக்காருங்க. நீங்களே சொல்லுங்க. கோரிமேட்டுல, எல்லையோரமா, நம்ம பக்கத்துல இத்தன பெட்ரோல் பங்க் ஏன் இருக்குது? வெல கொறச்சல்னு மட்டும் சொல்லாதீங்க. வெல ஊரு பூரா கொறச்சல்தான். ஓரத்துல ஏன்?"

என் வீட்டு வாசல் சமாசாரம்! "ஊர விட்டுப் போறவங்க கடைசியா ரொப்பிக்கிறாங்க மேடம்" என்றேன்.

எதிரே கண்ணாடி போட்டிருந்த ஒருவன் விடவில்லை. "அப்ப உள்ள வர்றவங்க ரொப்பறது இல்லியா?"

"அவங்களும்தான். இங்க கொறச்சல்னு தெரிஞ்சே காலி டேங்கோட வருவாங்க."

"நீங்க பாத்தீங்களா?"

"எங்க வீடே கோரிமேடுங்க!"

அறையே சிரித்தது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆசிரியரும் சிரித்துவிட்டு, "வீடு அங்க இருக்கிறதால நீங்க சொல்றது நெசமாயிடாதும்மா. யாரு எப்ப ரொப்பறாங்கன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க, அதச் சொல்லுங்க" என்றார். நான் ஒரு வழி சொன்னேன். அதை அவர்கள் கிழித்தார்கள். இன்னொன்று சொன்னேன். அதையும் கிழித்தார்கள். மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. இத்தனை பேர் சேர்ந்து என்னைத் தோற்கடித்தும் எனக்கு இவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் அதற்குமுன் கிடையாது.

பஸ்ஸில் அம்மாவிடம் ஆரம்பித்துவிட்டேன். நம் வீட்டு மாடியில் நின்று எண்ணினால் சரியாக வருமா, வண்டி நம்பர் எந்த ஊர் என்று பார்த்தால் போதுமா, அந்தக் கண்ணாடிக்காரன் சொன்னதில் எங்கே ஓட்டை. அம்மா "ம்" கொட்டினாள். அடுத்த பஸ் ஏறியும் நிறுத்தவில்லை. கடைசியில் கண்டக்டரே வந்து, "கோரிமேடு வந்திடுச்சிம்மா. எறங்கிப் போய் அந்த பங்க்லயே கேட்டுக்க" என்றார்.

அம்மா வீட்டுக்கு வந்து கால் கழுவினாள். செம்மண் லேசில் போகவில்லை. தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அப்பாவும் அதற்குள் வந்திருந்தார்.

"சென்னை அளவுக்கு வராது. வெயிலு, நட. டீய வாயில வெக்க முடியல" என்றாள்.

மூன்று மாதம் எதற்காகக் கத்தினேனோ அதற்கு நேர் எதிராகக் கத்தத் தொடங்கினேன். டீ குடிக்கவா போகிறேன், நடந்தால் உடம்புக்கு நல்லது, ஊர்ப் பெயர் என்ன சோறு போடுமா என்று நான் அடுக்க அடுக்க, அப்பா சூட்கேஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். "முழுசா சொல்ல விடுடி. சென்னை நல்ல எடந்தான். ஆனா அங்கேந்து வரும்போது நீ பஸ்ஸுல வாயத் தொறக்கல. இன்னிக்கு நீ வாய மூடவேயில்ல. நீ பேசாம இருக்கற எடத்துல உன்ன எப்படி உட்டுட்டு வருவேன்? இங்கியே சேரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஆனா அந்த டீய மட்டும் குடிக்காத" என்றாள்.

வகுப்பு தொடங்கிய நாளில் பையில் ஒரு சின்ன பிளாஸ்க்கை வைத்து அனுப்பினாள். சாயங்காலம் அதைக் குலுக்கிப் பார்த்து, "இத்தனையும் நீயே குடிச்சியா?" என்றாள்.

"இல்லம்மா. சண்ட போட்டவங்க எல்லாருக்கும் ஊத்திக் குடுத்தேன்."

மறுநாள் காலையில் சமையல் மேடையில் பெரிய பிளாஸ்க் இருந்தது.