தம்பி பார்த்த முதல் உதைபந்தாட்டம்

என் பிள்ளைகளே,

இதை மகள்தான் தம்பிக்கு வாசித்துக் காட்ட வேண்டும். மகளே, ஆறுதலாக வாசி. இடையில் அவன் எழும்பி ஓடினால் பிடித்து இழுக்காதே. திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து வாசி. நான் பத்தாம் வகுப்போடு தோட்டத்துக்கு இறங்கியவன். பிழை இருந்தால் அம்மா திருத்துவா.

போன கிழமை போனில் கதைத்தபோது, "கொழும்புத்துறையில மட்ச் பாத்தது ஞாபகம் இருக்கோ?" என்று தம்பியிடம் கேட்டேன். "எந்த மட்ச்?" என்றான். அவனில் பிழையில்லை. அப்போது அவனுக்கு இரண்டு வயதுதான். ஆனால் யாராவது ஒருவர் அதை எழுதி வைக்க வேண்டும்.

அம்மா வயதானவர்களைப் பார்க்கிற வேலைக்கு இங்கிலாந்து போனபோது தம்பி தவழ்ந்துகொண்டிருந்தான். அவன் நடக்கத் தொடங்கியதை அவ காணவில்லை. வீடியோவில் காட்டலாம் என்று போனைத் தூக்கினால் அவன் ஓடி வந்து அதைப் பறித்துவிடுவான். "எனக்கு இவன்ரை மூக்கும் நெத்தியும்தான் தெரியுது. ஒருக்கா முழுப்பிள்ளையா நடக்கிறதைப் பாக்கவேணும்" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தா.

அந்த நேரம்தான் கொழும்பிலிருந்து சம்பளத்துக்கு விளையாடும் கழகமொன்று எங்கள் பக்கத்து ஆட்களோடு கொழும்புத்துறை மைதானத்தில் ஆட வருகிறது என்று கேள்விப்பட்டேன். அந்த ஆட்டத்தை நேரலையில் காட்டுவார்களாம். அம்மாவிடம் சொன்னேன். "அவனையும் கொண்டு போங்கோ. கமரா எங்க நிக்குதெண்டு பாத்து இருங்கோ" என்றா. மகளே, நீ அன்றைக்கு ரியூசனுக்குப் போய்விட்டாய். நான் தம்பிக்கு மஞ்சள் தொப்பி போட்டு, மோட்டார் சைக்கிளில் முன்னால் இருத்தி, இணுவிலிலிருந்து வெளிக்கிட்டேன்.

போனதும் கமராவைத் தேடிப் பிடித்தேன். மேற்குப் பக்கம் மர நிழலில் மேசை போட்டு, அதன்மேல் வைத்திருந்தார்கள். பின்னேர வெயிலுக்குச் சனமெல்லாம் அந்தப் பக்கம்தான். நானும் கமராக்காரனின் காலடியில் இடம் பிடித்துத் தம்பியை மடியில் வைத்துக்கொண்டேன். ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில் அம்மா போன் எடுத்தா.

"எங்கையப்பா இருக்கிறியள்? காணேல்லை."

"கமராவுக்குப் பக்கத்திலதான் இருக்கிறன். கை நீட்டினாத் தொடலாம். இவன் மஞ்சள் தொப்பி போட்டிருக்கிறான்."

"ஐயோ, பக்கத்தில இருந்தா எப்பிடித் தெரியும்? முன்னாலயெல்லோ நிக்கவேணும்! எனக்கு அங்கால் கரையில வெயிலுக்க நிக்கிற ரெண்டு மாடுதான் தெரியுது."

கமராக்காரன் சிரித்துவிட்டான். கமரா கிட்ட இருந்தால் படத்தில் விழும் என்று நினைத்த ஆள் உங்கள் அப்பா. எதிர்க்கரைக்குச் சுற்றிப் போகப் பார்த்தால் கோல் கம்பத்துக்குப் பின்னாலும் சனம். தம்பியோ பந்தைப் பார்க்கவேயில்லை. பொங்கித் தள்ளுகிற சத்தத்துக்குப் பயந்து என் சேர்ட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருந்தான்.

வெளிநாட்டிலிருந்து பார்ப்பவர்கள் எழுதி அனுப்புவதை ஒலிபெருக்கியில் வாசிப்பது இங்கே வழக்கம். இடைவேளையில் அறிவிப்பாளர் வாசித்துக்கொண்டு வந்தவர் இடையில் நின்றார்.

"அன்பான ரசிகர்களே, இங்கிலாந்திலயிருந்து ஒரு தாய் கேக்கிறா. மஞ்சள் தொப்பி போட்ட தன்ரை பிள்ளை நடக்கிறதைத் தான் இன்னும் காணேல்லையாம். தகப்பனார் பிள்ளையை மைதானத்துக்குள்ள கொண்டு வரட்டாம்."

பக்கத்தில் நின்ற பொடியன் என் தோளில் தட்டினான். "அண்ணை, உங்களைத்தான். போங்கோ, ரெஃபரி சிவப்பு மட்டை காட்டமாட்டார்."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. என்றாலும் தம்பியைத் தூக்கிக்கொண்டு நடுக்கோடு வரைக்கும் போய், கமராவைப் பார்க்க இறக்கிவிட்டேன். அவன் சப்பாணி கட்டி இருந்து, கோடு போட்ட சுண்ணாம்பைக் கையால் அழித்தான். நான் தள்ளி நின்று கூப்பிட்டேன். வரவில்லை. "கோட்டை அழியாதை, ஓஃப்சைட் பாக்கேலாது!" என்று ஆரோ கத்த, சனம் சிரித்தது. நடுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். இவ்வளவு தூரம் வந்தும் அவ பார்க்காமலே போய்விடப் போகிறாவே என்று நினைத்து இன்னொரு முறை கூப்பிட்டேன்.

அப்போது அறிவிப்பாளர் குரலை இறக்கி, "எழும்பு அப்பன். அம்மா பாக்கிறா. அம்மாட்டை நடந்து வா" என்றார்.

அம்மா என்றதும் தம்பி நிமிர்ந்தான். சத்தம் கமரா மேசைக்கு மேலே, வேம்பில் கட்டியிருந்த ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. இரண்டு கையையும் ஊன்றி எழும்பி, அதைப் பார்த்தபடி நடந்தான். அந்த அகன்ற மைதானத்தில் அவன் தென்னையிலிருந்து உதிர்ந்த ஒரு குரும்பட்டி அளவுதான். ஒருமுறை விழுந்தான். நான் தூக்கவில்லை. தானே எழும்பி, மரத்தடி வரைக்கும் நடந்தான்.

போனை எடுத்தேன். அம்மாதான். "வலக்காலைக் கொஞ்சம் உள்ளுக்கு வைக்கிறானப்பா. உங்களை மாதிரி" என்றா.

யார் வென்றது என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

ஆட்டம் முடிந்தும் தம்பி வர மறுத்துவிட்டான். ஒலிபெருக்கியைக் காட்டி, "அம்மா, அம்மா" என்று நின்றான். வயர் சுற்ற வந்தவர் அதைக் கழற்றி இறக்கிப் புல்லில் வைத்தார். தம்பி அந்தப் பெரிய புனலுக்குள் தலையை விட்டுப் பார்த்தான். கையை விட்டும் தடவினான்.

"அம்மா இல்லை" என்றான்.

"என்னண்ணை தேடுறான்?" என்று அவர் கேட்டார்.

"தாயை."

அவர் சுற்றிக்கொண்டிருந்த வயரைக் கீழே வைத்துவிட்டார். தம்பி தானாக விலகும்வரை அதைத் தொடவில்லை.

இரவு உன்னிடம் அவன், "அம்மா மரத்தில" என்றான். நீ விழுந்து விழுந்து சிரித்தாய், மகளே.

பிறகு அம்மா உங்கள் இரண்டு பேரையும் இங்கிலாந்துக்குக் கூப்பிட்டுவிட்டா. என்னுடைய விசா இன்னும் வரவில்லை. வரும்.

முந்தநாள் அதே மைதானத்தில் ஒரு இறுதியாட்டம். இந்த முறை வெயில் கரையில்தான் நின்றேன். உங்களுக்குப் பள்ளிக்கூட நேரம், பார்த்திருக்கமாட்டீர்கள் என்று தெரியும். ஆட்டம் முடிந்து சனம் போனபின், வேம்படியில் அந்த ஒலிபெருக்கி புல்லில் கிடந்தது. வயர் கழற்றியாகிவிட்டது. சாமான் ஏற்றுகிற வண்டி இன்னும் வரவில்லை. நான் குந்தியிருந்து அதற்குள் முகத்தை வைத்து, முதலில் மகளை, பிறகு தம்பியை, சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.