சுடுவதில்லை, விடுவது

என் காரின் டாஷ்போர்ட் பெட்டிக்குள் ஒரு தோல் துண்டு கிடக்கிறது. உள்ளங்கை அளவுகூட இல்லை. வில்லின் நாணை இழுக்கும்போது விரல் வெட்டுப்படாமல் இருக்க மாட்டிக்கொள்வது. அத்தானுடையது. சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் கராஜ்காரர் அதை எடுத்துச் சீட்டில் போட்டுவிடுவார். நான் திரும்ப உள்ளே வைப்பேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். நகரின் தென்புறம் மனுரேவாவில் வீடு, ஒரு பெரிய கிடங்கில் கணினி வேலை. சனிக்கிழமைகளில் காரை அக்கா வேலைக்குக் கொண்டுபோய்விடுவாள். ஆகவே நான் குடியிருக்கும் பிளாக்ஹவுஸ் பேயிலிருந்து போய் அவரை ஏற்றி, பாபகூராவுக்கு அப்பால் ஒரு வில்வித்தைத் திடலில் இறக்க வேண்டும். எங்கள் ஆட்கள் கிரிக்கெட்டுக்குப் போவார்கள், கோயிலுக்குப் போவார்கள். இந்த மனிதருக்கு மட்டும் எங்கிருந்து பிடித்த பைத்தியமோ, தன்னைவிட உயரமான பழைய இங்கிலாந்து வில்! முதல் நாள், "எப்ப அத்தான் சுடத் தொடங்குவியள்?" என்று கேட்டேன். யாழ்ப்பாணத்தில் துப்பாக்கிச் சண்டைக்குள் வளர்ந்த வாய்க்கு வேறு சொல் வராது. அவர் சிரிக்கவில்லை.

"சுடுறது துவக்கு, மச்சாள். அம்பை விடுறது."

இழுத்துப் பிடிக்க யாருக்கும் ஏலும், விடத் தெரிய வேண்டும் என்பார். என்னுடன் எப்போதும் 'நீர்', 'வாரும்', 'இரும்' என்று மரியாதை போட்டுத்தான் கதைப்பார்.

எனக்கு வரலாறு என்றாலே கொட்டாவி. ஆனால் மோட்டர்வே நெரிசலில் அத்தான் கதையைத் தொடங்கினால் எங்கே தப்பி ஓடுவது? ஒரு காலத்தில் இரும்புக் கவசம் பூட்டிய பிரபுக்கள் குதிரையில் பாய்ந்து வந்தால் எதிரே நிற்கிற காலாட்படை சிதறி ஓடுமாம். பிறகு உழவர் வீட்டு ஆண்கள் நெடுவில்லோடு வந்தார்கள். முன்னால் கூர்முளைகளை நட்டுவிட்டு எட்டத்தில் நின்றார்கள். நல்ல கவசத்தை அம்பு எப்போதும் துளைக்காது, குதிரையைத் துளைக்கும். சேற்றில் குதிரை விழ, மேலிருந்தவன் விழ, பின்னால் வந்தவன் அவன்மேல் விழ, அந்தப் பெருமை எல்லாம் அங்கேயே கிடந்ததாம். அதன்பின் பிரபுக்களும் குதிரையை விட்டிறங்கி நடந்து போரிடப் பழகினார்கள். அத்தான் வில்லாளிகளின் கட்சிதான். ஆனாலும் இந்த இடம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். "விழுந்தவனுக்குப் பெரிய காயமும் இராது. எழும்ப ஏலாது, அவ்வளவுதான். வாறவனைக் கிடந்து பாத்துக்கொண்டிருப்பான்."

ஒரு குளிர்காலத்தில் அவரால் நாணைக் காதுவரை இழுக்க முடியவில்லை. ஈரத்தில் நாண் கெட்டுவிட்டது என்று அதை மாற்றினார். பிறகு லேசான வில் வாங்கினார், அப்புறம் அதைவிட லேசானது. அந்தக் காலத்து வில்லாளிகள் சின்ன வயதிலிருந்தே இழுத்துத் தோள் எலும்பே பருத்தவர்கள், தான் நாற்பதில் தொடங்கியதுதான் பிழை என்று சமாதானம் சொன்னார். கடைசியில் அக்காதான் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். நரம்பு நோய். தசைகள் ஒவ்வொன்றாகச் சொல் கேளாமல் போகும், குணமாக்க மருந்து இல்லை. டாக்டர் நல்ல மனிதர், மிகவும் மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னால் என்ன, வேகமாகச் சொன்னால் என்ன?

கோயிலுக்கு நேர்த்தி வைத்தோம். ஊரிலிருந்து எண்ணெய் வரவழைத்தோம். ஆளாளுக்குச் சொன்னதையெல்லாம் செய்தோம். அவர் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. ஒருமுறை திடலுக்குப் போக வேண்டும் என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு அக்கா வேலைக்குப் போகவில்லை. ஈரப் புல்லில் அவரை இருத்தியிருந்த சக்கர நாற்காலி புதைந்துவிட்டது. நானும் அக்காவும் மூச்சு வாங்கத் தள்ளுகிறோம், அசைந்தால்தானே. "குதிரை விழுந்திட்டுது" என்றார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அங்கேயே நின்று, அந்த ஆக லேசான வில்லில் நான் அம்பைப் பூட்டி இழுத்தேன். அக்கா அவர் கையைத் தூக்கி என் முழங்கையில் வைத்தாள். என் தோள் நடுங்கிற்று. அவர் அவசரப்படவில்லை.

"விடும்" என்றார். விட்டேன். அம்பு எங்கோ புல்லுக்குள் போய்விட்டது. தேடியும் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அவருடைய வலது கையை நீவிக்கொண்டே இருந்தேன். தோலும் எலும்பும்தான். எங்கேயோ புது மருந்து பரிசோதிக்கிறார்களாம், விசாரித்திருக்கிறேன், பதில் வரும் என்று வாய் ஓயாமல் அளந்தேன். அவர் என்னையே பார்த்தபடி கிடந்தார். பிறகு ஒரு சொல் சொன்னார்.

"விடு."

அத்தனை வருடத்தில் என்னை அப்படி ஒருமையில் அவர் சொன்னதில்லை. சொல்ல வந்தது 'விடும்'தான், கடைசி 'ம்'முக்கு அவருடைய உதடுகள் மூடவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது. விளங்கியும் என்ன, எனக்கு விட ஏலவில்லை. அவர் போன பிறகும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேனாம். அக்கா வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

போன கிழமை கராஜ்காரர் அந்தத் தோல் துண்டைத் தூக்கிக் காட்டி, குப்பையில் போடவா என்று கேட்டார். கை நீட்டி வாங்கினேன். அவர் கார்ச் சாவியைத் தர நீட்டியபோதும் அந்தக் கையை நான் திறக்கவில்லை. மற்றக் கையால் வாங்கிக்கொண்டேன்.