சுசீலாபாய் தைச்ச பிடியரிசிப் பை

ஏழு தரம். பையோட ஒரு பக்கத்தைத் தைச்சு முடிக்கறதுக்குள்ள சுசீலாபாய் எழுந்தது ஏழு தரம். இதை மறக்காம வச்சுக்குங்க. முதல் தரம் காக்கையை விரட்ட. ரெண்டாவது, ஒண்ணுமே இல்லாத சட்டியைத் திறந்து பார்க்க. மூணாவது, நாகர்கோவில் பஸ் சத்தம் கேட்டு. மிச்ச நாலுக்குக் காரணம் கிடையாது. ஊசியை ரவிக்கைத் தோள்ல குத்திக்குவா, வாசல் வரைக்கும் போவா, வருவா, உட்காருவா, “சவத்து நூலு, தொட்டா அறுது”ன்னு நூலைத் திட்டுவா.

வயசு நாற்பத்திரண்டு. மார்த்தாண்டம் பக்கத்துக்காரி. திருவனந்தபுரம் தம்பானூர்ல ஒரு லாட்ஜ்ல போர்வை துவைச்சு, கிழிஞ்சதுக்கு ஒட்டுப் போடற வேலை. புருஷன் யோசுவா பொன்முடித் தேயிலைத் தோட்டத்துல; மாசம் ஒரு தரம் மலை இறங்குவான்.

1943 டிசம்பர். திருவனந்தபுரத்துல குளிர்னா என்ன, விடியக்காலைல தோள்மேல ஒரு துண்டு, அவ்வளவுதான். அந்த வருஷம் துண்டுக்குத் துணி இல்லே, சட்டிக்கு அரிசி இல்லே. யுத்தம் நடத்தினவன் எவனும் பட்டினி கிடக்கலே, கிடந்தது நாம. லாட்ஜ்ல கழிச்சுப் போட்ட போர்வையை இவ ரெண்டா மடிச்சு, அதோட ஓரத்துலேருந்தே நூலை உருவி, பை தைக்க உட்கார்ந்தா. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியணும்.

எதுக்குப் பை? ரயில் பாதைக்குப் பின்னால ஓலை மேஞ்ச அவங்க ஜெபக்கூடத்துல ஒரு வழக்கம். சோறு பொங்கும்போது வீட்டுக்காரி ஒரு பிடி அரிசியைத் தனியா எடுத்து வைப்பா. பஞ்சத்துல அது வாரத்துக்கு ஒரு பிடியாச் சுருங்கிப் போச்சு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரன் அதைக் கொண்டு வந்து தட்டுல போடுவான். உபதேசியார் ஞானசிகாமணி கணக்கு எழுதி, சபை முன்னால வாசிப்பார்: இன்னார், முழுப் பிடி, இன்னார், அரைப் பிடி. காலராவுல ஆம்பளை செத்துப் போன ரெண்டு வீட்டுக்கு அந்த அரிசிதான் கஞ்சி.

ஐப்பசியில ஒரு நாள் “ராஜையன், இல்லை”ன்னு வாசிச்சார். ராஜையன் ரயில் பாதையில ஜல்லி கொத்தற கூலி. வீட்டுல அஞ்சு வாய். பொம்பளைங்க பக்கத்துலேருந்து ஒரு சிரிப்பு வெடிச்சுது. சிரிச்சது சுசீலாபாய். கெட்ட எண்ணம் ஒண்ணுமில்லே. உபதேசியார் ராகம் போட்டு வாசிச்சதைக் கேட்டு அடக்க முடியலே. அடுத்த வாரம் ராஜையன் வீடு வரலே. அதுக்கடுத்து அரைப்பிடிக்காரங்க ஒவ்வொருத்தரா வர்றதை நிறுத்தினாங்க. நாற்பத்தொரு வீட்டுல பதினாறு வீடு போச்சு. கஞ்சி தண்ணியாச்சு. அதுலேருந்துதான் இவளுக்கு ஒரு இடத்துல இருப்புக் கொள்ளலே.

பை முடிஞ்ச அன்னைக்கே ராஜையன் முற்றத்துல போய் நின்னா.

“என்னவாக்கும்? இன்னும் சிரிச்சுத் தீரல்லியோ?”ன்னான் அவன்.

“சிரிச்சது தப்புதான் அண்ணே. இதப் பாருங்க. கைய மூடிட்டு உள்ள விடணும், உள்ள போயித் தொறக்கணும். எவ்வளவு விழுந்துன்னு கர்த்தருக்கு மட்டுந்தான் தெரியும்.”

“பைக்குத் தெரியுமே.”

“பை எந்திரிச்சு நின்னு வாசிக்காதுல்லா?”

உள்ளேருந்து அவன் பெண்சாதிதான் சிரிச்சா.

அங்கேருந்து நேரா உபதேசியார்கிட்ட. “அளவில்லாம எப்பிடிம்மா கணக்கு எழுத?”ன்னார் அவர். “ஒரு ஞாயிறு விட்டுப் பாரும் ஐயா. ஒண்ணு மதி, ஒண்ணே போதும்”ன்னு வாசல்ல குறுக்கும் நெடுக்குமா நடந்தா. அந்த நடை தாங்காமத்தான் அவர் சரின்னார்.

ஞாயித்துக்கிழமை கூடம் நிறைஞ்சுது. முதல் ஆளா எழுந்தது ராஜையன்.

இவ பண்ணின தப்பு அங்கதான் தெரிஞ்சுது. அரிசி எடுக்கறது பொம்பளைக் கைங்கறதால, பையோட வாயைத் தன் கை அளவுக்கு வச்சுட்டா. கொண்டு வந்து போடறது ஆம்பளைல்லா? பட்டியல்ல இருக்கறது அவன் பேருதானே! ஜல்லி கொத்தற கை. மூடின கையை ராஜையன் முறுக்கித் திணிச்சான். உள்ள போச்சு, விரலைத் திறந்தும் வெளிய வரலே. ரெட்டை மடிப்பு விளிம்பு மணிக்கட்டுல சுருக்கு மாதிரி இறுகிடுச்சு. இழுத்தான். பையும் கூட வந்துது. பின்னால யாரோ, “எலிப் பொறியில ஆளு மாட்டிக்கிட்டாருவே!”ன்னான்.

உபதேசியார் பழைய தட்டைக் கொண்டு வந்து நீட்டினார். “பரவால்ல ஓய். பைய இதுல கவுத்தும். அரிசி விழுந்தா கை தளரும்.”

ராஜையன் தட்டைப் பார்த்தான். பிறகு பொம்பளைங்க பக்கம் பார்த்தான். அந்தப் பார்வையிலே சுசீலாபாய்க்குப் புரிஞ்சு போச்சு: கைக்குள்ள ஒரு மணி இல்லே.

புருஷனுக்குப் பதிலா தான் கொண்டு வந்த அரிசியை மூடின கையோடவே எழுந்து ஓடினா. ஆம்பளைங்க பாயை எந்தப் பொம்பளையும் தாண்டினதில்லே, தாண்டினா. முட்டி போட்டு, அவன் மணிக்கட்டுல வாயை வச்சு, விளிம்புத் தையலைப் பல்லால கடிச்சா. “யோசுவா மலைமேல இருக்கான், இங்க பாரு கூத்தை”ன்னு ஒருத்தி முணுமுணுத்தா. தொட்டா அறுந்த நூல் அன்னைக்குன்னு அறுந்துபோக மாட்டேன்னுது. மூணாவது கடியில விட்டுது. கை வெளிய வர்றதுக்கும், அவ தன் பிடியை அதே பைக்குள்ள விட்டுத் திறக்கறதுக்கும் நடுவுல ஒரு மூச்சு கூட இடைவெளி இல்லே.

“விழுந்தாச்சு உபதேசியாரே. நான் கண்டேன். அடுத்த ஆளக் கூப்பிடும்.”

பிஞ்ச வாய், இனி எந்தக் கையும் போகும். வரிசை நகர்ந்துது. மூடின கை போச்சு, திறந்த கை வந்துது. பையைப் பிடிச்சுக்கிட்டு அவ அசையாம நின்னா.

எல்லாம் முடிஞ்சு உபதேசியார் நோட்டை விரிச்சார். “மொத்தம் எத்தனை பிடின்னு எழுதட்டும்?” பென்சிலை அவர் கையிலேருந்து பிடுங்கினா. கஞ்சி வாங்கற அந்த ரெண்டு வீடு போக, வந்த வீடுகளை உதட்டுக்குள்ள எண்ணிப் பார்த்து, ஒரு பேரும் போடாம, பக்கத்துக்கு நடுவுல எழுதினா: 39.