கோத்தா திங்கி மருமகள்

கோமளாவைக் கோத்தா திங்கியில் இப்போது யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. சட்டமன்ற உறுப்பினர் ஆயிற்றே, மலாயில் மாண்புமிகு என்று பொருள்படும் 'ஒய்பி' என்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்த ஊர்த் தேவானந்தனுக்குக் கழுத்தை நீட்டியவள். வந்த புதிதில் ஆமாம் என்பதற்கு அவள் 'ஓம்' என்றாலே கடைக்காரர்கள் சிரிப்பார்கள். வாயை மூடிக்கொண்டு பேனாவைப் பிடித்தாள், தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்கு நிருபரானாள். வெள்ளம் வந்தால் முழங்கால் நீரில் முதலில் நிற்பவள் அவள்தான்.

அப்படி ஒரு வெள்ளத்தில்தான் நிவாரண முகாமில் ராசம்மாவைக் கண்டாள். ராசம்மா இதே ஊர்த் தோட்டத்தில் பிறந்து, ரப்பர் பால் வெட்டி, செம்பனைக் காட்டில் உழைத்துத் தேய்ந்தவள். பிறப்பை அப்பன் பதியாமல் விட்டதால் கையில் இருப்பது நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசி அட்டை. குடியுரிமையும் கிடையாது, ஓட்டும் கிடையாது. கண்ணை மூடுவதற்குள் ஒரே ஒரு தடவை ஓட்டுப் போட்டுவிட வேண்டும் என்பது அவள் ஆசை. கோமளா அதை எழுதினாள். அப்போதைய ஒய்பி, 'அது மாநிலத்தின் கையில் இல்லை' என்று நழுவியதைத் தலைப்பாகவே போட்டுக் கிழித்தாள். ஊரே கைதட்டியது. அந்தக் கைதட்டல்தான் அவளைத் தேர்தலில் கொண்டுபோய் நிறுத்தியது.

எதிரணி சும்மா இருக்குமா? பிழைக்க வந்தவளுக்குப் பதவியா என்று கிளப்பிவிட்டார்கள். கல்யாணத்தின் பேரில் குடியுரிமைக்கான நீல ஐசி வாங்கியவள் கோமளா, என்ன பேசுவாள்? மீன் பசாரில் நாலு பேர் நடுவே ராசம்மாதான் இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்.

"யாரு வெளியாளு? இவ எங்க ஊரு மருமக."

குடியுரிமை இல்லாதவள் குடியுரிமை உள்ளவளுக்கு ஜாமீன் நின்ற கூத்தை எங்கே போய்ச் சொல்ல! ஓட்டுக் கேட்டு வீடு வீடாகக் கூடவே நடந்த ராசம்மா, ஓட்டு நாளன்று பள்ளிக்கூட வேலிக்கு வெளியே நின்றாள்.

கோமளா ஜெயித்தாள். ராசம்மாவுக்காக அலையத்தான் செய்தாள், பொய் சொல்லக் கூடாது. மத்திய அரசு இருக்கும் புத்ராஜெயாவுக்கு மனுமேல் மனு போட்டாள். வந்ததெல்லாம் நிராகரிப்பு, காரணம்கூடச் சொல்லவில்லை. அதற்குள் ராசம்மாவுக்குச் சிறுநீரகம் போயிற்று. அடுத்த தேர்தல்வரை உடம்பு தாங்காது என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து கோமளா எதையெதையோ சுற்றி வளைத்துப் பேசினாள். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"அக்கா, அது மாநிலத்து கையில இல்லக்கா."

ராசம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது கோமளாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"முன்ன இருந்தவரும் இதத்தானம்மா சொன்னாரு. நீ அவர சும்மா விட்டியா? இப்ப ஒன்னைய எழுத யாரு இருக்கா?"

யாரும் இல்லைதான். கோமளா விட்டுவந்த நிருபர் வேலைக்குப் பத்திரிகை வேறு ஆளே போடவில்லை.