இடுக்கியில் வைத்த சந்தனம்

இங்கே வேலைக்குப் போனால் முதலில் காற்றில் நிற்க வேண்டும். தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும் வெளியே. அப்படியே ஒரு கூண்டுக்குள் நின்றால் நான்கு பக்கமும் காற்று அடிக்கும். உடம்பில் ஒட்டிய தூசி போக வேண்டுமாம். முகத்துக்குப் பவுடர்கூடக் கூடாது. ஊரில் பாதி நாள் பெயிண்ட் புகையில் நின்றவன் நான். முதல் நாள் சிரிப்பு வந்தது.

நான் நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் செங்கல் என்ற ஊர்க்காரன். எட்டாம் வகுப்போடு நின்றவன். மனைவி பிந்துவுக்கு ஜெர்மனியில் நர்ஸ் வேலை கிடைத்தது, கூட வந்தேன். அதற்கு முன் நெய்யாற்றின்கரையில் ஒரு வொர்க்ஷாப்பில் கார்களுக்குப் பெயிண்ட் அடித்தேன். டியூப் லைட்டைச் சாய்த்துப் பிடித்தால் பெயிண்டில் விழுந்த தூசி தெரியும். அந்தக் கண்ணுக்காகத்தான் இங்கே, லேசர் கிரிஸ்டல் தொழிற்சாலையில், எடுத்தார்கள். கிரிஸ்டலைத் துடைத்து, விளக்கைச் சாய்த்துப் பார்த்து, இடுக்கியால் எடுத்துச் சட்டத்தில் வைப்பது வேலை. தண்ணீர்போல் தெளிந்த கட்டி. வளர்ந்துவர மாதக்கணக்காகும் என்றார்கள். அதன் வழியாக லேசர் போகும். சுத்தமாக இருந்தால் ஒன்றும் ஆகாது. ஒரு பொடி கிடந்தால் வெளிச்சம் அதில் பிடித்துச் சுட்டு, கட்டியே வெடிக்கும். காரில் தூசி விழுந்தால் மறுநாள் தேய்த்துப் பாலீஷ் போடலாம். இங்கே மறுநாள் கிடையாது.

காலையில் துடைக்கும் மேசை எனக்கு. மதியத்துக்குமேல் இங்கிரிட் என்ற பெண்ணுக்கு. ஓய்வு பெற இரண்டு வருடம்தான் அவளுக்கு மிச்சம். இடுக்கி இருவருக்கும் ஒன்று.

ஆயுதபூசைப் பூசைவைப்பு சமயம் வொர்க்ஷாப் கூட்டாளி தங்கப்பன் போன் செய்தான். அன்றைக்கு அங்கே ஸ்பானர்முதல் ஸ்பிரே கன்வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் வைப்போம்.

“அங்க பூச உண்டா மக்கா?”

“இல்ல.”

“ஒரு பொட்டுகூட வைக்கலியா? பின்ன சாமானம் எப்பிடிலே நீ சொன்னா கேக்கும்? அதுக்கு ஜெர்மன்தானே தெரியும்.”

சிரித்துவிட்டு வைத்தேன். ஆனால் மனம் கேட்கவில்லை. செங்கல் கோயில் சந்தனம் வீட்டில் இருந்தது. கொஞ்சம் குழைத்துக் காகிதத்தில் மடித்து, உடுப்புக்குள் கொண்டுபோய், இடுக்கிப் பிடியின் உள்பக்கம் கடுகளவு வைத்தேன். யாரும் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் இரண்டு கிரிஸ்டல்கள் வெடித்தன. ஷெஃப், அதாவது மேலாளர், எல்லோரையும் கூட்டித் திரையில் காட்டினார். கண்ணாடியில் கல் பட்டதுபோல் ஒரு குழி. நடுவில் கருப்பு. சுற்றிலும் கீறல். வெளிச்சம் நுழைந்த பக்கம் ஒன்றுமில்லை. வெளியே போன பக்கம்தான் பிளந்திருந்தது. அடுத்தடுத்த லேசர் அடியில் குழி பெரிதாகிக்கொண்டே போனது. வெறும் வெளிச்சம் செய்த வேலை. எனக்கு இடுக்கி நினைவுக்கு வந்தது. துடைத்தவர் கையெழுத்திடும் சீட்டு இரண்டிலும் இங்கிரிட் பெயர். பவுடர் போட்டாயா என்று ஷெஃப் அவளைக் கேட்டார். இல்லை என்றாள். முடிவு தெரியும்வரை வீட்டில் இரு என்றார்.

எல்லோரும் போனபின் இடுக்கியை எடுத்துப் பார்த்தேன். பொட்டில் பாதி இல்லை. காய்ந்து உதிர்ந்திருந்தது.

அன்று சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சோற்றை அப்படியே தள்ளிவைத்தேன். பிந்து கேட்டாள், சொன்னேன்.

“நீங்க வாயத் தொறக்கலேன்னா அந்தப் பொம்பிள வீட்டிலயாக்கும்.”

“என் வேல போவும்.”

“போட்டு. எனக்கு வேல உண்டு. அவளுக்கு ஆரு உண்டுண்ணு உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது.

காலையில் இடுக்கியை ஷெஃபின் மேசைமேல் வைத்தேன். எனக்குத் தெரிந்த ஜெர்மன் கொஞ்சம்; சந்தனத்துக்கு வார்த்தை தெரியாது.

“மரப்பொடி. நான் வைத்தேன்.”

“உன்னுடையது என்று அடையாளத்துக்கா?”

“இல்லை. கும்பிட.”

“யாரை?”

இடுக்கியைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் முகத்தில் பயம் இருந்தது. பெயிண்டரைத்தான் வேலைக்கு எடுத்தோம், இது யார் என்பதுபோல.

வேலை போகவில்லை. பேக்கிங் பகுதிக்கு மாற்றினார்கள். இங்கிரிட்டைத் திரும்பக் கூப்பிட்டார்கள். வந்த அன்று நேரே என்னிடம் வந்தாள். மன்னிப்புக் கேட்க ஒரு வரி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“நான் வீட்டிலிருந்த மூன்று நாளும் நீ எங்கே இருந்தாய்?”

“இங்கேதான்.”

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். மனப்பாடம் செய்த வரி வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

தங்கப்பனிடம் எல்லாம் சொன்னேன். அவன் அன்று கேலி பேசவில்லை. “இஞ்ச வாறியா மக்கா? உன் எடம் அப்பிடியே கெடக்கு” என்றான். வாறேன் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

என் பகுதிக்கும் சுத்த அறைக்கும் நடுச்சுவரில் ஒரு பெட்டி உண்டு. இரண்டு பக்கமும் கண்ணாடிக் கதவு. இரண்டும் ஒருசேரத் திறக்காது. நான் காலி டப்பாவை வைத்துவிட்டு நிற்கிறேன். அந்தப் பக்கம் வெள்ளை உடுப்பில் இரண்டு கண்கள் காத்திருக்கின்றன. இங்கிரிட்தான். என் கதவை நான் சாத்தினால்தான் அவள் கதவு திறக்கும். சாத்துகிறேன்.